மேஸ்திரி இல்லாத செட்டு

ஆடி, வெள்ளி இரவு.

எழுதக் கற்றதிலிருந்து, ராத்திரி இந்த நோட்டில் எழுதும் நேரம் எனக்குத் திருவிழா. இன்று அதுவும் கசக்கிறது.

மேஸ்திரியை விலக்கிவிட்டு நாங்கள் ஐந்து பேரும் ஒரே செட்டாக, சமமாகச் சேர்ந்து வெள்ளையடிக்கிறோம். கன்னியப்பனுக்குக் கை நடுங்குகிறது. இனி அவன் சாரம் ஏறக் கூடாது என்று மற்ற நாலு பேரும் முடிவு செய்தோம். "நீயே சொல்லிடு பெரியப்பா" என்று ஏழுமலை என் தலையில் கட்டினான்.

வேங்கிக்கால் ஊரில் நடக்கும் வேலையில் இன்று சொன்னேன்.

"நீ இன்னா மேஸ்திரியா? இவங்கல்லாம் சும்மாதானே கீறாங்க?" என்று கத்தினான் கன்னியப்பன்.

மற்ற மூன்று பேரும் திரும்பாமல் சுவரையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் வெள்ளையடிக்கும் மட்டையை வீசிவிட்டுப் போனான்.

"கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம் பெரியப்பா" என்றான் ஏழுமலை.

நாளை கன்னியப்பன் வந்து சாரம் ஏறினால், இறங்கு என்று சொல்ல மறுபடியும் நான்தான்.