உம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி

கற்பிட்டி,
புதன்கிழமை, அஸருக்குப் பின்.

தம்பி ஹில்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த வரியில் நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். எழுத மாட்டேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது உனக்கே விளங்கும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். எழுத வைத்தவன் நீதான். இரண்டு வருடமாக என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன கிழமை, டோஹாவில் இருந்து லீவில் வந்திருக்கிற உன் கூட்டாளி இஸ்ஹாக்கின் போனில் இருந்து பேசப் பார்த்தேன். "நானாட கதையெண்டா எனக்கு வேணாம், வெய்ங்க" என்று உன் மூத்தவனைப் பற்றி நீ சொன்னது எனக்கும் கேட்டது, பக்கத்தில் சைக்கிளோடு நின்ற மீன்காரனுக்கும் கேட்டது. அதனால் தாளில் எழுதுகிறேன். தாளை இடையில் வெட்டிவிட முடியாது. இஸ்ஹாக் நாளை டோஹாவுக்குப் பறக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் இது உன் கையில் இருக்கும். கிழிப்பதென்றால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

உன் மகள் ஃபஹ்மியாவும் பிள்ளையும் சுகம் என்று கேள்வி. வெறும் கேள்விதான். உன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவே நீ எழுப்பிய மதிலுக்கு மேலால் பிள்ளை அழுகிற சத்தம் வருகிறது. நல்ல பலமான சத்தம், மாஷா அல்லாஹ். வருகிற திங்கட்கிழமை பிள்ளைக்கு நாற்பதாம் நாள். தாய்ப்பால் காணாதாம்; நாற்பது கழிந்ததும் பால்மா கரைத்துக் கொடுக்கப் போகிறார்களாம்; டின் இரண்டு வாங்கி அலுமாரியில் வைத்தாயிற்றாம். உன் மதினி ஜுனைதா அறிந்து வந்து சொன்னாள். அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஃபஸ்னாவின் பிள்ளைக்கு வருத்தம் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். என்ன வருத்தம் என்று நீ கேட்கவில்லை. கேட்காததையும் சொல்கிறேன். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் இங்கேதான் இருந்தாள். பால் காணாமல் அவளும் மா கரைத்துத்தான் கொடுத்தாள். பிள்ளைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது ஒரு காலையில் உதடு கறுத்திருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நாவற்பழம் தின்ற வாய் போல ஒரு நிறம். பத்து மணிக்குள் நகமும் அதே நிறம். சளி என்றார்கள், கண்ணூறு என்றார்கள். கண்ணூறு என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும், அதை இப்போது விடு.

பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். தம்பி, அது சிவப்பாக இல்லை. காய்ந்த தேத்தண்ணிச் சாயம் போலக் கபிலமாக இருந்தது. உன் மகள் வயதிருக்கும் ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை அந்தச் சிறிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். அடுத்ததாக, எந்தத் தண்ணீரில் பால் கரைக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த நேரம் வேறொன்றும் கேட்கவில்லை. நீல நிறத்தில் ஒரு மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். நீலம் பாரித்த பிள்ளைக்கு நீல மருந்து. ஒரு மணித்தியாலத்தில் உதடு திரும்பவும் சிவந்தது. அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் பிந்தியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். வேறு எதையாவது செய்திருப்பேன்.

திரும்பி வந்ததும் ஊருக்கு நீ கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தொட்டியின் குழாயில் இருந்து ஒரு போத்தல் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். அறிக்கையின் பிரதி இத்துடன் இருக்கிறது. மூன்றாவது வரியைப் பார். நைத்திரேற்று ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. நம் தண்ணீரில் நூற்றுப் பதினெட்டு. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. கிணற்றைச் சுற்றி உன் காணிதான். அதை நீ ஜபாருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறாய். அவன் வருடத்துக்கு மூன்று போகம் வெங்காயம் போடுகிறான். யூரியாவும் கோழி எருவும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. நம்முடைய மண் மண்ணா, அரிதட்டு. மேலே போட்டது கீழே தண்ணீரில் போய் நிற்கிறது. பம்ப் அதை இழுத்துத் தொட்டியில் ஏற்ற, தொட்டி அறுபது வீட்டுக் குழாய்க்கும் அனுப்புகிறது. உனக்கும் எனக்கும் அது உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் இரத்தம் மூச்சைச் சுமக்க முடியாமல் போய்விடும்.

தொட்டியை நீ ஏன் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியபின் உம்மா இந்த ஊர்க் கிணறுகளில் குடத்தோடு நின்று வாங்கிய பேச்சை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். அவ மௌத்தானபின் அவவின் பேரில் தண்ணீர் கொடுக்க நினைத்தது நல்ல நிய்யத்து. யாராவது குடிக்கும் காலமெல்லாம் கபுறில் இருப்பவருக்கு நன்மை போய்ச்சேரும். அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் தொட்டியில் மாட்டிய பலகையில் எழுதியதைப் பார்: மர்ஹூமா ஹாஜறா உம்மா அவர்களின் ஸதகத்துல் ஜாரியா, மகன் ஹில்மி. அவவுக்கு ஒரு மகன்தானா? ஆறு வருடம் படுக்கையில் கிடந்தவவைத் தூக்கிக் கழுவியவன் எந்தப் பலகையில் இருக்கிறான்?

சரி. அந்தக் கோபத்தால் வந்த கேட்டைச் சொல்கிறேன்.

அறிக்கையோடு முதலில் ஜபாரிடம் போனேன். குத்தகைக்காரனும் அவன்தான், தண்ணீர்ச் சங்கத் தலைவனும் அவன்தான். தொட்டியை மூடச் சொல்லவில்லை. குளிக்கட்டும், உடுப்புக் கழுவட்டும், தொழுகைக்கு வுழு எடுக்கட்டும். உம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினால் போதும் என்றேன். "கைக்குழந்தைகளின் பாலுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இத்தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்தாலும் ஆகாது." அவ்வளவுதான். அவன் அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மௌத்தான மனுசிட பேருக்குக் கீழ நஞ்செண்டு எழுதச் சொல்றீங்களா நானா? ஒங்கட சொந்த உம்மா. ஹில்மி காக்கா ஓம் எண்டு சொன்னா நாளைக்கே எழுதுறன்." நான் எழும்பும்போது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்க இன்னொன்றும் சொன்னான்: "தண்ணில ஒரு வருத்தமும் இல்ல. போர்டுல பேர் இல்லாததுதான் நானாக்கு வருத்தம்." எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. நான்கு வருடத்தில் மூன்று மனுக் கொடுத்தவன் நான். காணி அளவைக்கு ஒன்று, மதிலுக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று. மூன்றிலும் பொய் இல்லை. ஆனால் நான்காவதாக இந்த அறிக்கையைக் கொண்டுபோனபோது அதையும் அந்தக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார்கள்.

பிறகு உன் வீட்டுக்குப் போனேன். ஓம், நான்தான், உன் கேற்றடியில், முப்பது மாதத்துக்குப் பிறகு. உன் பெண்சாதி மபாஸா கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றுகொண்டே, "ஒங்கட பேத்திக்கு வந்தது எங்கட பேரனுக்கும் வரணும் எண்டு பாக்குறீங்களா மச்சான்?" என்று கேட்டாள். தண்ணீரைப் பற்றித்தான் பேச வந்தேன் என்றேன். அதற்கு அவள், "நாங்க ஒங்களப் போல படிச்சாக்கள் இல்லதான். ஆனா அரை மணித்தியாலம் கொதிக்க வெச்சிட்டுத்தான் புள்ளைக்குக் குடுப்பம். அந்த அளவுக்கு எங்களுக்கும் தெரியும்" என்றாள்.

ஹில்மி, அந்த அரை மணித்தியாலம் நான் சொல்லிக் கொடுத்தது.

நீ தொட்டி திறந்த கிழமையே, கிணற்றுக்கு அருகில் மலசலகூடக் குழி இருக்கிறது, கிருமி இருக்கும், கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னவன் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், தாய்மார் கூட்டத்திலும் எழும்பி நின்று சொன்னேன். நன்றாகக் கொதிக்கட்டும், நீண்ட நேரம் கொதிக்கட்டும் என்றேன். ஊரின் சுகத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன். உன் தண்ணீரில் குறை இருக்கிறது என்று நாளுக்கு மூன்று தரம் ஒவ்வோர் அடுப்பிலும் எழுதி வைத்தது போல இருந்தது எனக்கு. அதில் ஒரு சந்தோசமும் இருந்தது.

கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக அது மிஞ்சி நிற்கும். உப்பளத்தில் வெயில் என்ன செய்கிறதோ அதைத்தான் அடுப்பு கேத்தலுக்குள் செய்கிறது. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இருபத்தைந்து வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவனுக்கு இது தோன்றவில்லை. ஃபஸ்னா சொல்லுக் கேட்கிற பிள்ளை. அரை மணித்தியாலம் கொதிக்க வைப்பாள். பிளாஸ்கில் ஊற்றி வைத்து, ஆறினால் திரும்பவும் கொதிக்க வைப்பாள். நூற்றுப் பதினெட்டு அவளுடைய போத்தலில் எவ்வளவாக ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். முடிக்கவில்லை.

அவ்வளவு நேரம் கொதிக்க வைக்கச் சொன்னது யார் என்று, உதடு சிவந்தபின், அந்த டொக்டர் பிள்ளை கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஃபஸ்னா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும்தான் சொல்லுவாங்க" என்றாள். என்னைக் காட்டவில்லை. இன்றுவரை காட்டவில்லை. என் முன்னால் பிள்ளைக்குப் பால் கரைக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இனி நீ செய்ய வேண்டியது. இதைப் படித்த கையோடு மபாஸாவுக்குப் போன் எடு. குழாய்த் தண்ணீர், கொதித்ததோ கொதிக்காததோ, ஒரு துளிகூடப் பிள்ளையின் போத்தலில் படக்கூடாது என்று சொல். முடிந்த மட்டும் தாய்ப்பாலே கொடுக்கட்டும், மிட்வைப் நோனாவைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். முடியாவிட்டால் பாலாவியில் இயந்திரத்தில் வடித்த தண்ணீர் கிடைக்கிறது. பேத்திக்கு நாள் விட்டு நாள் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு கேன் எடுத்து வருகிறேன். போன ஞாயிறில் இருந்து இரண்டு எடுக்கிறேன். இரண்டாவது என் விறாந்தையில் இருக்கிறது. மதிலடியில் வைக்கிறேன், யார் வைத்தது என்று கேட்காமல் எடுக்கச் சொல். என்னை மன்னிக்க வேண்டாம். எனக்குக் கதவு திறக்கவும் வேண்டாம். தண்ணீரை எடுத்தால் போதும்.

அடுத்தது ஜபாருக்கு ஓம் என்று சொல். நான் சொன்னால் சிரிப்பார்கள், நீ சொன்னால் எழுதுவார்கள். ஊரில் இன்னும் நான்கு கைக்குழந்தைகள் இருக்கின்றன. உம்மாவின் நன்மை நின்றுபோகும் என்று பயப்படாதே. ஒரு பிள்ளை குடிக்காமல் தப்பினால் அதுவும் அவவுக்குத்தான் போகும்.

மதில் விசயத்தில் நீ செய்தது பிழைதான். காணி அளவையும் பிழைதான். நான் அதை மறக்கவில்லை, மறந்ததாக நடிக்கவும் மாட்டேன். ஆனால் பலகையில் நான் கேட்ட இடம் இனி வேண்டாம். மேலே உன் பெயர் தனியாகவே இருக்கட்டும். கீழே அந்த வரி வரும்போது, கொதிக்க வைத்தாலும் ஆகாது என்பதற்குப் பக்கத்தில், மகன் மீரா முகைதீன் என்று எழுதச் சொல். கொதிக்க வையுங்கள் என்பதை ஊர் என் வாயால் கேட்டது; என் பெயரிலேயே மாற்றிப் படிக்கட்டும்.

உன் பேரனை நான் இன்னும் பார்க்கவில்லை. என்ன பெயர் வைத்தீர்கள் என்பதும் தெரியாது. பெயர் தெரியாமலே ஐந்து வக்துத் தொழுகையிலும் அவனுக்காகத் துஆக் கேட்கிறேன். அல்லாஹ் அவனுடைய உதட்டை இப்போது இருக்கிற நிறத்திலேயே வைத்திருக்கட்டும். திங்கட்கிழமைக்கு முன் எடு, தம்பி.

வஸ்ஸலாம்.

உன் நானா,
மீரா முகைதீன்