அனஸ்ரேசியாவின் வகுப்பும் அம்மாவின் திவசமும்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
கார்த்திகை மாதம்

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம், நீயும் அந்த அவுஸ்திரேலிய வெயிலில் சுகமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்த வீட்டில் நாங்கள் என்று சொல்ல இப்போது நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே போன் நின்றதல்லவா, லைன் வெட்டுப்படவில்லை, வைத்தது நான்தான். போனில் கோபம் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது, அதுதான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் திவசம் முடிந்தபிறகுதான் வந்துசேரும், எழுதி முடித்துப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பின்னேரத் தேத்தண்ணி போடமுன்னமே இருட்டிவிடுகிறது. லிஃப்டில் யாராவது ஹாய் சொன்னால் அதுதான் அன்றைய கதை. பக்கத்து ரொம்மனிலிருந்து ஜெயரத்தினம் அண்ணையும் இராசமணி அக்காவும் இடைக்கிடை சோறு கறி கொண்டுவருவார்கள், இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள், போனபின்பு வீடு முன்னையிலும் பெரிதாகிவிடுகிறது. சில நாட்களில் ட்வெய்ட்டாக் கடைத்தொகுதிக்குப் போய் ஒன்றும் வாங்காமல், அங்கே போட்டிருக்கிற வாங்கில் இருந்துவிட்டு வருகிறேன். நாலு பேர் கதைக்கிற சத்தமாவது காதில் விழும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வரமுடியாது என்று நீ சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. நீ காரணம் சொன்னாய், நானும் கேட்டேன். உன்னிடம் படிக்கிற பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர்களில் ஒருத்தியான அனஸ்ரேசியாவின் பெரியம்மா செத்துப்போக, ஊரே துக்கம் காத்தது, வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை, வரவு போதாதென்று கல்லூரிக்காரர் எல்லாருடைய பெயரையும் வெட்டப் பார்த்தார்கள், நீ சண்டைபிடித்துத் தவணை வாங்கினாய், விட்ட பாடங்களை நடத்தி முடிக்க இந்த மாதம்தான் இருக்கிறது, நீ வெளிக்கிட்டால் அங்கே படிப்பிக்க வேறு ஆளில்லை. எல்லாம் விளங்குகிறது. ஆனால் ஊரவர் துக்கத்துக்குத் தவணை வாங்கிக் கொடுத்த பிள்ளைக்குத் தன் தாயின் திவசத்துக்கு வர வழியில்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்டும்விட்டேன். அதற்கு நீ, அப்பா கோவிக்காதேங்கோ, இந்தப் படிப்பை முடிச்சு அரசாங்கப் பதிவு கிடைக்காட்டி அவையளைக் கடைசிமட்டும் எடுபிடியாத்தான் வைச்சிருப்பினம் என்றாய். அதோடுதான் போனை வைத்தேன்.

வைத்தபிறகு அந்த எடுபிடி என்ற சொல் என்னை விடவில்லை. அம்மா யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸாக நின்றவள். இங்கே வந்து மொழி படித்து, திரும்பவும் பரீட்சை எழுதி, அங்கீகாரம் வரும்வரைக்கும் முதியோர் இல்லத்தில் உதவியாளாகத்தான் நின்றாள். ஒரு கிழவிக்கு மூச்சு இழுக்கிறது என்று போய்ச் சொன்னால், நேர்ஸ் வரட்டும் நீ தள்ளி நில் என்பார்களாம், வந்து சொல்லி அழுவாள். அங்கீகாரம் வந்த கிழமை, சட்டையில் குத்துகிற நேர்ஸ் பட்டையை வீட்டிலும் கழற்றவில்லை, அதோடு நின்றுதான் புட்டு அவித்தாள். புட்டுக்கும் பிரஷர் பார்க்கப் போறீரோ என்று நான் பகிடி பண்ணினேன். நீ அப்போது சின்னப் பிள்ளை, ஞாபகமிராது. அனஸ்ரேசியாவும் அப்படி ஒரு பட்டையைக் குத்திக்கொண்டு தன் வீட்டுக்குள் நடக்கட்டும். அம்மா இருந்தால் உன்னை வரச்சொல்லிக் கேட்டிருக்கமாட்டாள், எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ நின்று முடித்துவிட்டு வா. முழு மனதோடு சொல்கிறேன் என்று பொய் எழுதமாட்டேன், தனியே இருப்பது பெரிய கரைச்சல் பிள்ளை.

நேற்றுக் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். அம்மாவின் நட்சத்திரமும் பெயரும் கேட்டார். நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன், பெயர் வாயில் வரவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து இஞ்சாரும் என்று கூப்பிட்டே பழகிவிட்டது, எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. திவசத்தில் ஐயர் கேட்கும்போது நீ பக்கத்தில் இருந்து சொல்லுவாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பேரில்லாமல் என்னெண்டு சங்கற்பம் செய்யிறது என்று ஐயர் சிரித்தார். சிறிதேவி என்றேன். போனை வைத்துவிட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று இன்னொருதரம் சொல்லிப் பார்த்தேன். என்னப்பா புதினமாப் பேர் சொல்லிக் கூப்பிடுறியள் என்று கேட்க ஆளில்லை.

அனஸ்ரேசியாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்லு, எல்லாரும் சித்தியடைய வேண்டும். வெயிலில் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு, முருகன் உன்னோடு நிற்பான். செத்தவர்களின் பெயரை அனஸ்ரேசியாவின் ஆட்கள் கொஞ்சக்காலம் சொல்லமாட்டார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய், எங்கள் வழக்கத்தில் திவசத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். திவசத்தன்று காலை ஐயர் தொடங்கும்போது உனக்குப் போன் எடுத்து, அதை அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அங்கே பின்னேரமாயிருக்கும், உன் வகுப்பும் முடிந்திருக்கும். ஐயர் பெயர் கேட்கும்போது நீயும் சேர்ந்து சொல்லு. மறந்துவிடாதே மகள், என் குரல் மட்டும் போதாது.

இப்படிக்கு
அன்பு அப்பா
குலேந்திரன்