பின்சீட்டில் ஒரு சுற்று

அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். போனில் கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்: முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒருவர் தன் காரின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கித் தரச் சொன்னார். இளவட்டங்கள் பந்தாவுக்குக் கேட்பது. நரைத்த தலைக்கு இது எதற்கு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். குட்டையான ஸ்பிரிங் போட்டு ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது.

மறுநாளே திரும்பி வந்தார். பின்சீட்டில் அவருடைய அம்மா. "ஏறுறது சுலபமாயிடுச்சுப்பா. ஆனா பள்ளத்துல இறங்கினா முதுகுல குத்துற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா.

தப்பு என்னுடையதுதான். பின்னால் ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி இடித்திருக்கிறது. தனியாக ஓட்டிப் பார்த்தவனுக்கு அது எங்கே தெரியும்? அதே உயரத்தில் கொஞ்சம் கனமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போட்டேன். ஒர்க்ஷாப் பெயின்டரை ஓட்டச் சொல்லி, நான் பின்னால் உட்கார்ந்தேன். இங்கே வந்த இரண்டு வருடத்தில் இன்னொருவர் ஓட்ட நான் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?" என்றார் பெயின்டர்.

"இன்னும் ஒரு சுத்து போங்கண்ணே" என்றேன்.

மாலையில் அந்த அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார்.

ஒரு வேலை செய். தரையிலிருந்து உன் முழங்கால்வரை நூல் பிடித்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. நான் என்றைக்குக் கார் வாங்கினாலும் அதன் சீட் அந்த முடிச்சைத் தாண்டாது. கூப்பிடுகிறார்கள், போகிறேன். நூலைத் தங்கச்சி பிடிக்கட்டும், நீ குனியாதே.

உன் மூத்தவன்