கட்டுத் துணியில் இருந்த பெயர்

ஹா-செபாட்டா, மொகோட்லோங் மலை
23 நவம்பர் 2019

அன்புள்ள லினெயோ அப்பாவுக்கு,

மாதெபெல்லோ எழுதுவது. நானும் லினெயோவும் நலம். உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? சுரங்கத்துத் தூசியைப் பீர் கழுவிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கஞ்சாச் செடிகள் என் இடுப்புக்கு வந்துவிட்டன. இந்த வருஷம் மக்காச்சோளம் குட்டை, அதனால் இவற்றின் தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. போலீஸ் குதிரை அந்தப் பாதையில் வந்தால் கூப்பிட்டுக் காட்டுவது போல நிற்கின்றன. போன வருஷம் மாதிரி ஆலங்கட்டி விழுந்தாலும் முதலில் ஒடியப் போவது அந்தத் தலைதான். என்ன செய்யட்டும்?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுப் பாதிரியார், "மாதெபெல்லோ, உங்க தெபெல்லோ எங்கேம்மா? கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மருமகளாக வந்த அன்றே உங்கள் அப்பா தன் பெயரைப் பிறக்கப் போகிற பேரனுக்கென்று ஒதுக்கி, என்னை மாதெபெல்லோ, அதாவது 'தெபெல்லோவின் அம்மா', ஆக்கினார். பதினான்கு வருஷம் ஆகிறது. வந்தவள் லினெயோ. அதற்குப் பிறகு இரண்டு வயிற்றிலேயே போயின. "இன்னும் வரலை சாமி" என்றேன்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வாருங்கள். எனக்கு முப்பத்தாறுதான் ஆகிறது. அந்தப் பெயரை அவனுக்கு வைக்காமல் நான் கண் மூட மாட்டேன்.

உங்கள்,
மாதெபெல்லோ

வெல்கோம்
30 நவம்பர் 2019

அன்பு மாதெபெல்லோவுக்கு,

பிட்சோ எழுதுவது. வேன் டிரைவர் மொயெட்டி கடிதம் கொடுத்தான். சளி பரவாயில்லை.

செடிக்கு வழி இருக்கிறது. ஆறாவது கணுவுக்கு மேலே தலையை வெட்டிவிடு. பயப்படாதே, ஒரு வாரம் திகைத்து நிற்கும். பிறகு வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு தலை கிளம்பும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் தரையோடு இழுத்துக் கட்டி, கல்லை வைத்து நிறுத்து. கூடை போலப் பரந்து நிற்கும், மக்காச்சோளத்துக்கு மேலே ஒரு இலையும் தெரியாது. இதையெல்லாம் கிறிஸ்துமஸ் கழிந்து கோடைப் பொழுது குறையத் தொடங்குவதற்குள் முடித்துவிடு. பூவுக்குத் தயாராகிற செடியை வெட்டினால் பூ வராது.

ஒன்று மட்டும் கவனம். கட்டின கயிற்றைக் குழந்தைகள் பிடித்து இழுக்கும், செடி வேரோடு வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன்.

உன்,
பிட்சோ

ஹா-செபாட்டா
7 டிசம்பர் 2019

அன்புள்ள லினெயோ அப்பாவுக்கு,

தலையை வெட்டு என்று படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. சுரங்கத்தில் கல் விழுந்து உங்களுக்கு மண்டையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று மொயெட்டியைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு அக்கா, நல்லாத் தொப்பை போட்டிருக்காரு" என்றான்.

சரி, புருஷன் பேச்சு என்று ஒரு வரிசையை மட்டும் வெட்டினேன். பக்கத்து நிலத்திலிருந்து மாசெயாபாட்டா ஓடி வந்தாள். என்னோடு ஒரே ஊரில் பிறந்தவள் அல்லவா, பயத்தில் என் கல்யாணப் பெயர் மறந்து பிறந்த வீட்டுப் பெயரையே சொல்லிக் கத்தினாள்.

"அடி நியாக்கல்லோ! உனக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா? நீ வச்ச செடியை நீயே கொல்றியே!"

"அவர் எழுதியிருக்காருடி."

"அந்த ஆளு தங்கம் தோண்டப் போனாரா, இதைப் படிக்கப் போனாரா?"

அது சாகவில்லை. ஐந்தாம் நாளே இரண்டு தலை வந்ததைப் பார்த்து மாசெயாபாட்டா வாயைப் பிளந்தாள், இப்போது அவளும் கத்தியோடு அலைகிறாள். ஆனால் கட்டுவதற்கு என்னிடம் கம்பிதான் இருக்கிறது, தண்டை அறுக்கிறது.

அவள் கேட்டதை நானும் கேட்கிறேன். உங்கள் விடுதி முற்றம் முழுக்க சிமெண்ட் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். செடியை எங்கே வளர்த்துப் பார்த்தீர்கள்? லினெயோவுக்குப் பன்னிரண்டு வயது, அவள் கயிற்றை இழுக்க மாட்டாள். எந்தக் குழந்தை இழுத்தது?

உங்கள்,
மாதெபெல்லோ

வெல்கோம்
14 டிசம்பர் 2019

அன்பு மாதெபெல்லோவுக்கு,

நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டும். கூட வேலை செய்கிற மொட்சமாயின் வீட்டுக் கொல்லையில் செடி இருக்கிறது, அவனுக்குக் குழந்தைகள் உண்டு. அவ்வளவுதான்.

கம்பியை எறி. மெத்தென்ற துணிதான் தண்டை அறுக்காது. மொயெட்டி கிளம்பும் அவசரத்தில் கையில் கிடைத்த பழைய துணிகளைக் கிழித்து ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸ் வாரம் எனக்கு ஷிப்ட் போட்டுவிட்டார்கள். வருத்தப்படாதே.

உன்,
பிட்சோ

ஹா-செபாட்டா
21 டிசம்பர் 2019

லினெயோ அப்பாவுக்கு,

மூட்டை வந்தது. நேற்று நிலத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசை, ஏழாவது செடி. அதற்கு எடுத்த துணி சின்னப் பையன்களுக்கு மாட்டுகிற கழுத்துத் துண்டு. பால் கறை போகவே இல்லை. குழந்தைக் காப்பகத்தில் மாறிவிடக் கூடாது என்று ஓரத்தில் சிவப்பு நூலால் பெயர் தைத்திருந்தது.

தெபெல்லோ ராமைலி.

உங்கள் அப்பாவின் கல்லறையில் செதுக்கியிருக்கிற அதே இரண்டு வார்த்தை. வளைத்துப் பிடித்திருந்த கிளையை விட்டுவிட்டேன், அது முகத்தில் அடித்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்திருந்தேன். லினெயோ தேடி வந்து, "அம்மா, ஏன் பேச மாட்டேங்கிற? பாம்பு கடிச்சிடுச்சா?" என்று அழுதாள்.

மொயெட்டியைக் கேட்டேன். "அக்கா, நான் வேன் ஓட்டுறவன், என்னைக் கேக்காதீங்க" என்று தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில்தான் அப்படிக் கழற்றுவான்.

யார் அந்தப் பிள்ளை?

மாதெபெல்லோ

வெல்கோம்
28 டிசம்பர் 2019

அன்பு மாதெபெல்லோவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சுரங்கத்தில் இறங்கவில்லை. துணியைப் பார்க்காமல் கிழித்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? அவன் என் மகன், மூன்று வயது. நான் விடுதியை விட்டு வந்து நான்கு வருஷம் ஆகிறது. நான் சொன்ன கொல்லை இந்த வீட்டில்தான் இருக்கிறது.

உன்னை நான் கைவிடவில்லை. எல்லாம் தனிமையில் நடந்தது. பெயரை வேண்டுமென்று எடுக்கவில்லை. அப்பாவின் பெயர் இத்தனை வருஷம் சும்மா கிடந்தது, பையன் பிறந்ததும் வாயில் வந்துவிட்டது. அவன் அம்மாவையும் இங்கே எல்லாரும் மாதெபெல்லோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊர் வாயை நான் மூட முடியுமா? அவளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது, சத்தியமாக.

ஈஸ்டருக்கு வருகிறேன். பேசித் தீர்த்துக்கொள்ளலாம். என் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாதே.

உன்,
பிட்சோ

ஹா-செபாட்டா
11 ஜனவரி 2020

பிட்சோவுக்கு,

போன சனிக்கிழமை மொயெட்டி வெறுங்கையோடு வந்ததைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். ஒரு வாரம் என்னால் எழுத முடியவில்லை. திகைத்து நின்றேன், நீங்கள் செடிக்குச் சொன்னது போலவே.

முழுப் பூசணிக்காயைக் களிக்குள் மறைக்கிற ஆள் நீங்கள் என்று தெரியும். இன்னொருத்தி இருப்பாள் என்றுகூட நான் நினைத்ததுண்டு, சுரங்கத்துக்குப் போனவன் பெண்டாட்டி எவளும் அதை நினைக்காமல் தூங்குவதில்லை. ஆனால் 'சும்மா கிடந்தது' என்று எழுதினீர்களே. அது சும்மா கிடக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்த அன்றும் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள், நான் திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். என் அண்ணனும் வந்துவிட்டான். இருவரும் என்னைக் கட்டியபோது உங்கள் வீட்டார் கொடுத்த மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். ஈஸ்டருக்கு வந்தால் லினெயோவைப் பாருங்கள். படுக்கை உங்கள் அண்ணன் வீட்டில்.

செடிகளை முழுக்க வெட்டிக் கட்டி முடித்துவிட்டேன். பொழுது குறைய ஆரம்பித்துவிட்டது, இனி கத்தி வைக்க மாட்டேன். உங்கள் மூட்டையில் மிச்சமிருந்ததைத் தொடவில்லை. கல்யாணத்தன்று உங்கள் வீட்டில் எனக்குப் போர்த்திய கம்பளியைக் கிழித்துக் கட்டினேன். நன்றாகப் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் மறுபடி மாதெபெல்லோ என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. மாசெயாபாட்டா எழுந்து, "சாமி, அவ பேரு நியாக்கல்லோ" என்றாள். கோயிலே அதிர்ந்துபோனது. நான் தலை குனியவில்லை.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவசரத்தில் அவன் பெயரையும் சேர்த்துக் கிழித்துவிட்டீர்கள். துவைத்துக் காயவைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் புதுச் சட்டையில் தைத்துவிடச் சொல்லி மாதெபெல்லோவிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நியாக்கல்லோ