கம்சூக்கின் பெயருக்கு ஒரு பொட்டலம்

1975 ஜூலை 19, வியந்தியான்

பிள்ளை பெற்று நான்காம் நாள். பெற்ற உடம்பு காயவென்று கட்டிலுக்குக் கீழே கரி கனன்றுகொண்டே இருக்கிறது. வெந்நீர், சுட்ட மீன், உப்புச் சோறு, அவ்வளவுதான். முதுகு வெந்துவிட்டது. இன்னும் பதினோரு நாள் நெருப்பை விட்டு இறங்கக் கூடாது என்கிறார் மாமியார். பெண் குழந்தை. மூக்கு அப்படியே அவள் அப்பா கம்சூக்.

ஜூலை 21

கம்சூக் நில அளவைத் துறையிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். மேலதிகாரி புரட்சிப் படைக்குப் பயந்து குடும்பத்தோடு மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குப் போய்விட்டாராம். நமக்கும் வியாழக்கிழமை படகு இருக்கிறது என்றார். மாமியார் கத்தினார்: "பச்ச உடம்புக்காரிய ஆத்துக் காத்துல இழுத்துட்டுப் போவியா? அவ செத்தா இந்தப் புள்ளைக்கு யாருடா பாலு குடுப்பா?"

எனக்கும் பயம்தான். "நெருப்பு முடியட்டுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். நீங்கள் மட்டும் முன்னால் போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 24

படகு போய்விட்டது.

ஜூலை 28

அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. வடக்கே அரசியல் வகுப்பாம், பதினைந்து நாள். இரண்டு சட்டையும் கொசுவலையும் போதுமாம். தாளில் முத்திரை இருந்தால் இந்த மனுஷர் எதையும் நம்புவார். "முதல்ல போறவன் முதல்ல வருவான், பாரு" என்றார். அவர் துறையிலேயே வேலை பார்க்கும் சிங்கியோவும் கூடப் போகிறார். உயிர் உடம்போடு தங்கட்டும் என்று அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினோம். நான் படுத்தபடியே கட்டினேன்.

டிசம்பர் 4

பதினைந்து நாள் நான்கு மாதமாகிவிட்டது. ராஜா இறங்கிவிட்டார், இனி மக்கள் குடியரசாம். பகுதிக் குழுத் தலைவர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினேன்.

1976 ஜூன் 22

பழைய கிப் நோட்டு இருபது கொடுத்தால் புதியது ஒன்று. சந்தையில் ஈ காக்கை இல்லை. ஆனால் வடக்கு முகாமிலிருந்து அவர் கடிதம் வந்துவிட்டது! காய்ச்சலாம், குவினைன் அனுப்பச் சொல்கிறார். ஒரு பட்டுப் பாவாடையை விற்றேன்.

அக்டோபர் 15

இரண்டாவது கடிதம். கையில் புண்ணாம், சிங்கியோ எழுதித் தருகிறாராம். "மருந்து நிறைய அனுப்பு. எப்படியும் வருவேன். வீட்டிலேயே இரு." இருக்கிறேன், இருக்கிறேன். வேறெங்கே போவேன்?

1978 நவம்பர் 9

என் தம்பி அக்கரைக்குப் படகு பேசிவிட்டு வந்தான். அரிசிக்கு அரசுக் கடையில் நாளெல்லாம் வரிசை, வயலெல்லாம் கூட்டுப் பண்ணை, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டான். மாமியாரே, "அன்னிக்கு நான் தடுத்தது தப்பு, கெளம்புடி" என்று அழுதார். நான் அசையவில்லை. அவர் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால்? மாமியாரும் என்னோடு இருந்துவிட்டார். ஆறு மாதத்துக்கொரு கடிதம், எல்லாம் சிங்கியோ கையெழுத்து. அந்தப் புண் ஆறவே ஆறாதா?

1979 நவம்பர் 11

சிங்கியோவை விட்டுவிட்டார்கள். எலும்பும் தோலுமாக வாசலில் நின்றார். மாமியார் சந்தைக்குப் போயிருந்தார். ஒட்டரிசிச் சோறு வைத்த மூங்கில் கூடையை முன்னே வைத்தேன். தொடவில்லை.

"அண்ணி, அண்ணன் போயி மூணு வருஷமாச்சு. எழுபத்தாறு செப்டம்பர். மலேரியா."

"அப்போ கடுதாசி?"

"நான்தான். பொட்டலம் நின்னுட்டா எங்க கொட்டகையில நாலு பேர் செத்திருப்போம். பாதி காவல்காரனுக்குப் போகும், அதனால அவனும் வாயத் தொறக்கல."

"வீட்டிலேயே இருன்னு எழுதினது?"

தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க அக்கரைக்குப் போயிட்டா யாரு அனுப்புவா?"

கூடையைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தேன். பாவி! மூணு வருஷம்டா! செத்தவனுக்கு மருந்து அனுப்பிட்டு, கல்லு மாதிரி இங்கேயே கெடந்தேனே! அவர் தரையில் சிதறிய சோற்றை ஒவ்வொரு கவளமாகப் பொறுக்கி, மண்ணோடு தின்றார். தின்றபடியே அழுதார்.

போகும்போது, "எங்க கொட்டகையில இன்னும் ஆறு பேர் இருக்காங்க அண்ணி" என்றார்.

நவம்பர் 13

மாமியாரிடம் சொல்லவில்லை. இரண்டு முறை வாயெடுத்தேன்.

நவம்பர் 20

மாமியார் மாட்டிறைச்சியை உப்புக்கண்டம் போட்டு உலர்த்தித் தந்தார், மகனுக்குப் பிடிக்கும் என்று மிளகாய் சேர்த்து. குவினைன் இருபது, ஒரு சோப்பு. மேலே கம்சூக் பெயரைத்தான் எழுதினேன். வேறு பெயருக்கு என்னிடமிருந்து வாங்கமாட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர இன்னும் விடலையா அக்கா?" என்றாள் தபால் நிலையத்துப் பெண்.

"இன்னும் இல்ல" என்றேன்.