போட்டோவில் நிற்கும் டிரம்மர்

பிப்ரவரி 3, ஞாயிறு

நேற்று காபிக் கடையில் வாசித்தோம். எங்கள் ஊர் மலாங்கில் மழை விடவே இல்லை. இருந்தும் அறுபது பேர் வந்தார்கள். ‘ஆறு மணி மழை’ பாட்டில் இரண்டாம் சரணம் முடியும்போது எல்லோரும் ஒன்றாகக் குதித்ததில் மேசைக் கோப்பைகளே ஆடின.

இரண்டு வருடம் முன்பு அந்தப் பாட்டை நாங்கள் பதிந்த அறையில் வீட்டுக்காரரின் துணி காய்ந்துகொண்டிருந்தது. பேண்டுக்கு ‘ஈரத்துணி’ என்று பெயர் வந்ததே அதனால்தான்.

இன்று ஒத்திகையில் அங்கோரோ (பாட்டு, கிட்டார் இரண்டும் அவன்தான்) சேதி சொன்னான். ஏப்ரலில் சுராபாயா விழா, பெரிய மேடை! ராத்ரி பேஸ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கிக் குத்தினாள். நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோக்காரர் சிவப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். யாரும் நகரவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

அங்கோரோ லேப்டாப்போடு வந்தான். விழாவில் வயலின் வேண்டுமாம். பதிந்து வைத்த வயலின். அதோடு ஒட்டிப் போக, டிரம்ஸ் அடிக்கும் என் காதில் மட்டும் ‘டிக் டிக்’ என்று தாளம் கேட்கும். அதை விட்டு விலகக் கூடாது. அவ்வளவுதான்.

பதினோரு முறை விலகினேன்.

“பிமோ, எங்கடா ஓடுற? பஸ்ஸு போயிடுமா?” என்றான் அங்கோரோ.

ராத்ரி சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்போதும் அதே இடம்தான், இரண்டாம் சரணத்தின் கடைசி. கை தானாகப் பறக்கிறது.

பிப்ரவரி 26, செவ்வாய்

பைக் இண்டிகேட்டர்கூட டிக் டிக் என்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

அங்கோரோ தானாகப் பாக்ஸோ சூப் வாங்கிக் கொடுத்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. மாட்டுக்கறி உருண்டையைக் கிண்டிக்கொண்டே சொன்னான்:

“விழாவுக்கு மட்டும் ஒரு அடிஷனல் வச்சுக்கலாமாடா? யோனாஸ்னு ஒருத்தன். டிக் டிக்க விட்டு இம்மி நகர மாட்டான்.”

“அப்ப நான்?”

“நீ பேண்டுடா. அவன் வெறும் அடிஷனல்.”

அடிஷனல் என்றால் வெளியாள். மேடையில் வாசிக்கலாம். போட்டோவில் நிற்கக் கூடாது. இங்கே எல்லாப் பேண்டிலும் அதுதான் வழக்கம். எத்தனை பேரைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறேன்.

சரின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? என்னால முடியலன்னு எனக்கே தெரியுதே.

மார்ச் 30, சனி

விழா விளம்பரத்துக்குப் போட்டோ எடுத்தார்கள். நடுவில் நான், கையில் குச்சிகள். ஒத்திகைக்குச் சீக்கிரம் வந்துவிட்ட யோனாஸ் ஓரமாக நின்றான். “அண்ணே, காலர் மடிஞ்சிருக்கு” என்று வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

அவனை வெறுக்கலாம் என்று இருந்தேன். அதற்கும் வழியில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஒத்திகையில் யோனாஸ் பிசகாமல் அடித்தான். ஆனாலும் பாட்டு சப்பென்று இருந்தது. ராத்ரிதான் உடைத்துச் சொன்னாள்: “ரெண்டாம் சரணம் முடியுற இடத்துல உசிரே இல்ல. பிமோ ஓடுவான்ல, அது வேணும்.”

நான் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அங்கோரோ பழைய பதிவைப் போட்டு, நான் ஓடிய ஓட்டத்தை அளந்து, டிக் டிக்கையே அந்த இடத்தில் ஓட வைத்தான்.

“அப்ப நானே அடிக்கலாமே? அது என் ஓட்டம்தானே?”

“உக்காரு, உக்காரு!” அவனுக்கும் ஆசைதான்.

நாலு முறை அடித்தேன். நானும் ஓடினேன், அதுவும் ஓடியது. வேறு வேறு இடத்தில். நான் செய்த தப்பு, எனக்கே திரும்பச் செய்ய வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

யோனாஸ் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டான்.

ஏப்ரல் 27, சனி, சுராபாயா

மாலை நாலு மணி, கொளுத்தும் வெயில். டிரம்ஸில் யோனாஸ். மேடை ஓரத்தில் வயலினும் டிக் டிக்கும் ஓட லேப்டாப் பொத்தானை அழுத்துவது என் வேலை. அழுத்தினேன்.

இரண்டாம் சரணத்தின் கடைசியில் அத்தனை கூட்டமும் குதித்தது. என் கால் மட்டும் கொஞ்சம் முன்னாலேயே தரையில் அடித்துவிட்டது.

முடிந்ததும் ஒரு பெண் போட்டோ கேட்டு ஓடிவந்தாள். யோனாஸ் யாரும் சொல்லாமலே விலகினான். அங்கோரோ என்னை இழுத்து நிறுத்தினான். கீழிருந்து பார்த்தால் டிரம்ஸுக்குப் பின்னால் யார் என்று தெரிந்திருக்காது. விளம்பரத்தில் பார்த்த முகம் அல்லவா, அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“அண்ணே, அந்த இடத்துல வேகமா ஓடுனீங்க பாருங்க, அழுதுட்டேன்!”

தேங்க்ஸ் என்றேன்.

அவள் போனை யோனாஸிடம் கொடுத்தாள். அவன்தான் எங்களைப் படம் எடுத்தான்.