பள்ளிக்குச் சொல்லிவிடாதே

ஸலாம் ஏட்டி, முட்டுவலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல, அறையில் கூடத் தங்கும் முருகதாஸ் எழுதுகிறான்.

ஒக்கிப் புயல் அடித்த வருஷம்தானே எங்க மூத்தவர் காசிம் காக்காவுக்கு நெஞ்சைத் திறந்தார்கள். "இதயத்த நிறுத்தியாச்சு, மெஷின்தான் ஓடுது" என்று நர்ஸ் சொன்னதும், மதினி இன்னாலில்லாஹி சொல்லி அழுதாள். அதைக் கேட்டு யாரோ போன் பண்ண, பள்ளிவாசல் மைக்கில் ஆள் மவுத்து, அடக்கம் எப்போது என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். காக்கா பிழைத்து வந்து, "எனக்க கபருக் குழி எங்கலே?" என்று கேட்டார். பிறகும் ஆறு வருஷம் இருந்தார்.

எனக்கும் நெஞ்சில் அடைப்புதான், பயப்படாதே. திங்கள்கிழமை இங்கே மங்களூரிலேயே செய்கிறார்கள். மெஷின் இல்லாமல், இதயம் துடிக்கும்போதே தைக்கிற வழியும் உண்டாம். "எது நல்லது சாரே?" என்று டாக்டரிடம் கேட்டேன். "திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். நிறுத்திவிட்டார்கள் என்று போன் வந்தால் அழாதே, பள்ளிக்கும் சொல்லிவிடாதே. மறுபடி ஓடவிடுவார்கள்.

உடுக்கப் பழைய சாரம் ஒன்று யாரிடமாவது கொடுத்துவிடு. புதுசு உடம்பை அறுக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரியில், "உங்க ஆளு யாரு?" என்று கேட்டார்கள். நமக்குப் பிள்ளையும் இல்லை. வாப்பா, உம்மா, காக்கா, உன் தம்பி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். உன் பேரைத்தான் சொன்னேன், மைமூன் என்று.